கரடிமலையில் சோடா சாத்திரம்

கரடிமலை கேம்ப்பில் முதன்முதலில் நுரை தள்ளியவர் சோடாக்கடை மரியசூசைதான்.

2041ஆம் வருஷம், சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு பிற்பகல். தன் கடைச் சோடாவைத் தானே உடைத்து ஒரு வாய் குடித்தவர், அடுத்த நிமிஷம் தெருவுக்கு ஓடி வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றார். வெள்ளை வெளேரென்று நுரை. துப்பினார். மறுபடி வந்தது. பார்த்தவர்கள் நாலடி பின்னால் நகர்ந்தார்கள். யாரோ ஒருவர் நாய்க்கடி ஊசி போடுகிற கம்பவுண்டரைக் கூப்பிட ஓடினார். மரியசூசை இரண்டு கைகளையும் ஆட்டி வேண்டாம் வேண்டாம் என்றார். பேச வாயில் இடமில்லை.

ஷிப்ட் முடிந்து அந்த வழியாக வந்த ஜெயக்கொடி, ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுக் கிட்டே போய்ப் பார்த்தாள். நுரை வாய் முழுவதிலிருந்தும் வரவில்லை. மேல்வரிசையில் இரண்டே இரண்டு பற்களின் மீதுதான் குமிழிகள் திராட்சைக் குலை மாதிரி ஒட்டிக்கொண்டு, ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன. அந்த இரண்டும் தங்கப் பற்கள்.

ஜெயக்கொடி ஸ்கூட்டர் பக்கம் இரண்டடி பின்வாங்கினாள். ஏனென்றால் அந்த நுரைக்குக் காரணம் நாய் இல்லை, அவள்.

கரடிமலையில் ஒரு காலத்தில் தங்கச் சுரங்கம் இருந்தது; அதன் தொழிலாளர் குடியிருப்புதான் கேம்ப். சுரங்கத்தை மூடிவிட்டுப் போனவர்கள், தோண்டிப் போட்ட கல்லைக் குன்று குன்றாக விட்டுப்போனார்கள். அந்தக் கல்லிலும் தங்கம் உண்டு, துளித்துளியாக. அதை எடுக்க வந்த புதுக் கம்பெனியில் ஜெயக்கொடி கெமிஸ்ட். வயது நாற்பத்தாறு. கல்லைப் பொடி பண்ணித் தண்ணீரில் கலக்கி, காற்றுக் குமிழி விட்டால், மருந்து பூசிய தங்கத் துகள் குமிழியில் தொற்றிக்கொண்டு மேலே வரும். மேலே வரும் நுரையை வழித்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் துகள் மாவு மாதிரி இருந்தால்தான் குமிழி அதைத் தூக்கும். அந்த மாவு அரைக்கிற கரண்டு செலவில் கம்பெனி விழி பிதுங்கிக்கொண்டிருந்தது. மாவாக அரைக்காமல், ரவையாக உடைத்த கல்லிலிருந்தே தங்கம் மேலே வர வேண்டும். அதற்கு ஒரு மருந்து வேண்டும். ஏழு வருஷம், நாற்பத்திரண்டு மருந்துகள் தோற்று, நாற்பத்துமூன்றாவது ஜெயித்தது.

ஜெயித்தது என்பது குறைத்துச் சொல்வது. ரவை என்ன, சுண்டைக்காய் அளவு தங்கமே குமிழிகளைப் போர்த்திக்கொண்டு மேலே வந்தது. தங்கத்தைத் தவிர வேறு எதையும் அந்த மருந்து சீண்டுவதில்லை. குடித்தால் உடம்புக்கு எதுவும் ஆகாது. ஜெயக்கொடியே மூன்று டம்ளர் குடித்துப் பார்த்துத்தான் அறிக்கை கொடுத்திருந்தாள்.

மறுநாள் காலை மேனேஜர் பத்மநாபன் முன்னால் போய் நின்றாள்.

"சார், பிளான்ட்டு தண்ணியைச் சுத்தம் பண்ணி எங்க சார் விடறோம்?"

"மலைத் தொட்டியிலதான். ஏம்மா?"

"அதே தொட்டியிலருந்துதானே கேம்ப்புக்கும் குழாய் போகுது?"

"வறட்சியில ஒரு சொட்டுக்கூட வீணாக்கக் கூடாதுன்னு நான்தான் ஐடியா குடுத்தேன். குடிச்சா ஒண்ணும் ஆகாதுன்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க?"

"உடம்புக்கு ஒண்ணும் ஆகாது சார். நகைக்கு ஆகும்."

"நகைக்கு என்ன ஆகும்?"

"மிதக்கும் சார்."

பத்மநாபன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "மிதந்தா நல்லதுதானே? கிணத்துல விழுந்தாக்கூட எடுத்துக்கலாம். குழாயைப் பிரிக்கணும்னா ஹெட் ஆபீஸ் பர்மிஷன் வேணும். இருபதாம் தேதி வெளிநாட்டு பார்ட்டி நம்ம பிளான்ட்டைப் பாக்க வர்றாங்க. அது முடியட்டும்."

இருபதாம் தேதி ஜெயக்கொடியின் மகள் வெண்ணிலாவுக்குக் கல்யாணம். அதற்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

முதல் வாரம் கேம்ப் முழுக்கத் திருவிழாதான். துணி ஊறவைத்த பக்கெட்டில் கைவிட்டால் சோப்பு நுரையோடு சங்கிலி மேலே வந்து நின்றது. முகம் கழுவினால் மூக்குத்தி நுரையைத் திரட்டிக்கொண்டு மூக்கு நுனியில் பந்தாக உட்கார்ந்தது. எல்லாவற்றையும்விட அதிசயம், சாக்கடை. எந்தக் காலத்திலோ விழுந்து தொலைந்த கம்மல், தோடு, திருகாணி எல்லாம் சாக்கடை நுரையில் ஊர்வலம் வந்தன. மூன்றாவது லைன் வீடுகளே காலியாகிச் சாக்கடை ஓரம் வரிசையாகக் குந்தியிருந்தது. பக்கத்து வீட்டு லூர்துமேரிக்குக் கல்யாணமான புதிதில் தொலைத்த ஒற்றைக் கம்மல் கிடைத்தது. தொலைத்ததற்காக மாமியார் ஆறு வருஷம் அவளோடு பேசாமல் இருந்து, பேசாமலேயே போயும் சேர்ந்திருந்தார். லூர்துமேரி கம்மலைக் கழுவி, நேரே கல்லறைத் தோட்டத்துக்குப் போய்க் காட்டிவிட்டு வந்தாள்.

இரண்டாவது வாரம்தான் வினை ஆரம்பித்தது. மிதப்பதெல்லாம் தங்கம் என்றால், மிதக்காதது என்ன என்று யாருக்கோ தோன்றிவிட்டது.

ஒரு சீமந்தத்தில் பெண்ணின் வளையலைக் குழாய்த் தண்ணீரும் சோடாவும் கலந்த அண்டாவில் போட்டுப் பார்த்தார்கள். மிதந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்த காதுகுத்தில் தாய்மாமன் போட்ட சங்கிலியை விட்டார்கள். அது கல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்தது. தாய்மாமன் சாப்பிடாமல் பஸ் ஏறினார். அதற்குப் பிறகு கேம்ப்பில் சோடா இல்லாமல் ஒரு விசேஷமும் நடக்கவில்லை. பத்தே நாளில் அதற்குச் 'சோடா சாத்திரம்' என்று பெயர் வந்தது. அதை எந்தத் திசை பார்த்துச் செய்ய வேண்டும் என்று ஐயர் விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். போட்டோக்காரர் அதற்குத் தனி ஆல்பம் போட்டார். காலங்காலமாக நம் பெரியவர்கள் செய்துவந்த வழக்கம் என்று மூன்றாவது லைன் பெரியவர் ஒருவர் மேடையிலேயே பேசினார்.

மரியசூசை மட்டும் சந்தோஷமாக இருந்தார். சோடா வியாபாரம் நாலு மடங்கு. போதாததற்குத் தெருவில் போகிறவர்களை நிறுத்தி, சோடா குடித்து, பல்லைக் காட்டினார். "பாத்துக்க. சுத்தத் தங்கம்."

ஜெயக்கொடிக்குத் தூக்கம் போயிற்று. கேம்ப்பின் கவலை பாதி, தன் கவலை மீதி. கம்பெனி அவள் ஆராய்ச்சிக்கு ஒரு கண்ணாடிக் குழாய்கூடத் தர மறுத்த காலத்தில், தன் நகைகளை ஒவ்வொன்றாக விற்று அவளே கருவிகள் வாங்கினாள். விற்ற ஒவ்வொன்றுக்கும் அச்சு அசலாக ஒரு கவரிங் வாங்கிப் பெட்டியில் வைத்தாள். தங்கம் எடுக்க வழி கண்டுபிடிப்பதற்காகத் தங்கத்தை விற்றவள் உலகத்திலேயே தான் ஒருத்திதான் என்று சில சமயம் சிரித்துக்கொள்வாள். புருஷன் தணிகாசலத்துக்கு இது தெரியாது. வெண்ணிலாவுக்கும் தெரியாது. அந்தப் பெட்டிதான் இப்போது கல்யாணத்துக்குப் போகப் போகிறது.

சம்பந்தியம்மா காந்திமதி வாலாஜாவிலிருந்து போன் பண்ணினாள்.

"சம்மந்தியம்மா, உங்க ஊர்ல ஏதோ சோடா சாத்திரமாமே? எங்க சொந்தக்காரங்கல்லாம் பாக்கணும்னு ஆசைப்படறாங்க. சும்மா ஒரு சம்பிரதாயத்துக்கு. நமக்குள்ள என்ன சந்தேகம்?"

"அதெல்லாம் எதுக்குங்க..." என்று ஜெயக்கொடி ஆரம்பிப்பதற்குள் தணிகாசலம் போனை வாங்கிக்கொண்டார். மின்வாரியத்தில் லைன்மேன், உயரமான இடங்களில் ஏறிப் பழகியவர், பேச்சிலும் இறங்கத் தெரியாதவர்.

"தாராளமா வச்சுக்கலாங்க! எங்க வீட்டு நகை மட்டும் என்னாத்துக்கு? ரெண்டு பக்கத்து நகையும் போட்ருவோம். அண்டா பத்தலன்னா தொட்டியே கட்டிக்கலாம்!"

அன்று மதியம் ஜெயக்கொடி கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து அழுதாள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து லூர்துமேரி எட்டிப் பார்த்தாள்.

"இன்னாக்கா, பொண்ணு போறாளேன்னு அழுவுறியா?"

ஜெயக்கொடி எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். மருந்து, தொட்டி, கவரிங், எல்லாம். லூர்துமேரி வாயில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சரிக்கா. மிதக்க வைக்கத் தெரிஞ்ச உனுக்கு முழுக வைக்கத் தெரியாதா?"

"தெரியும். அது ரொம்ப சுலபம். கஞ்சித் தண்ணி."

"எது, சோறு வடிக்கற கஞ்சியா?"

"அதான். மருந்து பூசின தங்கத்துக்குத் தண்ணியே ஆகாது, அதனால குமிழியைப் போய்க் கட்டிக்குது. கஞ்சி மேல படிஞ்சிட்டா தண்ணியோட சமாதானம் ஆயிடும். குமிழி வந்து கூப்பிட்டாலும் போவாது. ஆனா அண்டாவுல ஊத்தினா வெள்ளையா தெரிஞ்சிடும். தொட்டியிலயே கலந்தாத்தான் தெரியாது."

"கலந்துடேன்."

"அதே தண்ணிதான் பிளான்ட்டுக்கும் போகுது லூர்து. இருபதாம் தேதி வெளிநாட்டுக்காரன் வந்து நிக்கறான். அவன் முன்னாடி ஒரு துளி தங்கம் மேல வராது. என் ஏழு வருஷமும் அடியிலயே கெடக்கும்."

லூர்துமேரி சுவரின் மேல் இரண்டு முழங்கைகளையும் ஊன்றிக்கொண்டாள். பிறகு, "உன்னோட பொட்டி மட்டுமில்லக்கா. நம்ம லைன்ல எத்தினி பொட்டி இருக்குதுன்னு உனுக்கு இன்னா தெரியும்?" என்றாள்.

"இதை யாருகிட்டயும் சொல்லிடாத."

"நான் எதுக்குச் சொல்லப் போறேன்?" என்றாள் லூர்துமேரி.

கல்யாணத்துக்கு முந்தின நாள் வரை ஜெயக்கொடி முடிவெடுக்கவில்லை. அன்று காலை அஞ்சாவது லைனில் ஒரு நிச்சயதார்த்தம். அஞ்சலை என்கிற பெண்ணின் ஆரம் அண்டாவில் முழுகிற்று. அஞ்சலை அண்டாவுக்குள் கையை விட்டு ஆரத்தை எடுத்து, முந்தானையில் துடைத்து, யாரையும் பார்க்காமல் மறுபடி கழுத்தில் போட்டுக்கொண்டாள். அவள் துடைத்த நிதானத்தைப் பார்த்ததும் ஜெயக்கொடி எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்திருந்த சமையல்காரர்களிடமிருந்து பன்னிரண்டு லிட்டர் கஞ்சி வாங்கி, தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு, உச்சி வெயிலில் மலைத் தொட்டிக்கு ஏறினாள். பாதி வழியில்தான் மனசுக்குள் கணக்குப் போட்டாள். தொட்டியின் அளவுக்குக் குறைந்தது இருநூறு லிட்டர் கஞ்சி வேண்டும். பன்னிரண்டு லிட்டர் எந்த மூலைக்கு?

இருந்தாலும் ஏறினாள்.

தொட்டி ஏணிப்படியில் க்யூ நின்றது.

முப்பது பெண்களாவது இருப்பார்கள். குடம், வாளி, குக்கர், ஒருத்தி கையில் குழந்தை குளிப்பாட்டும் டப். ஜெயக்கொடியைப் பார்த்ததும் எல்லோரும் எங்கெங்கோ பார்த்தார்கள்.

"காத்து வாங்க வந்தேன்," என்றாள் ஒருத்தி, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு.

"நானுந்தான்," என்றாள் அடுத்தவள்.

தபால் ஆபீஸ் அம்மா, டீச்சர், ஐயர் வீட்டு மாமி, கழுத்து கொள்ளாமல் நகை போடுகிற மளிகைக்கடை முதலாளியின் மனைவி, எல்லோரும் காற்று வாங்கத்தான் வந்திருந்தார்கள். ஏணி உச்சியில் நின்று ஒவ்வொரு பாத்திரமாக வாங்கித் தொட்டிக்குள் கவிழ்த்துக்கொண்டிருந்தாள் லூர்துமேரி.

"சொல்ல மாட்டேன்னியே!" என்றாள் ஜெயக்கொடி.

"ஒருத்திகிட்டதான்க்கா சொன்னேன். தூக்கைக் குடு."

வரிசையில் கடைசியாக, ஆரத்தோடு, அஞ்சலை நின்றாள். அவளுக்கு இனி ஒளிக்க எதுவும் இல்லை. ஆனாலும் பெரிய வாளி நிறையக் கொண்டுவந்திருந்தாள்.

இருபதாம் தேதி காலை, கேம்ப் சமூகக்கூடம். மாப்பிள்ளை கதிரவன் சம்பந்தமில்லாதவன் மாதிரி மணையில் உட்கார்ந்திருந்தான். நடுக்கூடத்தில் பித்தளை அண்டாவில் குழாய்த் தண்ணீர். மரியசூசை சாம்பிராணிப் புகைக்கு நடுவில் இரண்டு டஜன் சோடாவை ஒவ்வொன்றாக உடைத்து ஊற்றினார். காந்திமதி பெரிய உடம்புக்காரி. கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் தங்கம் அடுக்கடுக்காக இறங்கியது.

முதலில் வெண்ணிலாவின் நகைகளைத் தட்டிலிருந்து அண்டாவுக்குள் விட்டார்கள். முழுகின. கூட்டம் மூச்சை இழுத்தது. தணிகாசலத்தின் முகம் செத்துப்போயிற்று. காந்திமதி உதட்டைக் குவித்தாள். ஜெயக்கொடி அவசரமாக, "இப்ப உங்களுதையும் போடுங்க சம்மந்தியம்மா. பேச்சு பேச்சா இருக்கணுமில்ல?" என்றாள்.

காந்திமதி ஒரு மகாராணியின் தோரணையில் தன் பத்துப் பவுன் இரட்டைவடச் சங்கிலியைக் கழற்றி விட்டாள். அது வெண்ணிலாவின் நகைகளுக்குப் பக்கத்தில், இன்னும் வேகமாக, போய்ப் படுத்துக்கொண்டது.

கூடத்தில் நாதஸ்வரக்காரர்கூட நிறுத்திவிட்டார். மாப்பிள்ளையின் அத்தை, "என்னுதைப் போடுங்க" என்று வளையலை விட்டாள். முழுகிற்று. சித்தி மோதிரத்தை விட்டாள். முழுகிற்று. போட்டவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் புருஷனைத் திரும்பிப் பார்த்தார்கள். புருஷன்கள் கூரையைப் பார்த்தார்கள்.

கடைசியில் மாப்பிள்ளையின் அப்பாதான் தொண்டையைக் கனைத்தார். "சோடாவுல கேஸ் இல்ல."

"ஆமா, ஆமா, கேஸே இல்ல!" என்று இருநூறு பேர் ஒரே குரலில் சொன்னார்கள். அத்தனை ஒற்றுமையை அந்தக் கூடம் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

மரியசூசைக்குக் கோபம் வந்துவிட்டது. "எது, என் சோடாவுலயா கேஸ் இல்ல? இப்பப் பாரு!" என்று அண்டாவிலிருந்தே ஒரு டம்ளர் மொண்டு, வாய் நிறையக் குடித்து, பல்லைக் காட்டினார். ஒரு குமிழி இல்லை. இரண்டு பற்களும் சும்மா மின்னின. அவர் விரலால் தடவிப் பார்த்தார். முகம் மெல்ல மாறியது. "பல் டாக்டர் ஏமாத்திட்டான்யா," என்று சொல்லிவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டார்.

கெட்டிமேளம் கொட்டியது. தாலி ஏறியது. அட்சதை போடுகிற நேரத்தில் ஜெயக்கொடியின் போன் அடித்தது. பத்மநாபன்.

"மூணு மணி நேரமா ஓட்டறோம்மா! வெறும் நுரைதான் வருது! தங்கமெல்லாம் அடியில கெடக்கு. அவங்க வாட்சைப் பாக்க ஆரம்பிச்சுட்டாங்க!"

"தண்ணியில ஊர்க் கஞ்சி கலந்துடுச்சு சார்."

"கஞ்சியா? அதுக்கு இப்ப என்ன பண்றது?"

"குழாயைப் பிரிக்கணும் சார். பிரிக்காத வரைக்கும் தினம் கலக்கும்."

"தினமுமா? யாரு கலக்கறாங்க?"

ஜெயக்கொடி கூடத்தைப் பார்த்தாள். பந்திக்குப் போகிற பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். "கேம்ப் சார். மொத்தக் கேம்ப்பும்."

வெளிநாட்டுக்காரர்கள் அன்று மாலையே கிளம்பிப் போனார்கள். ஜெயக்கொடிக்கு வருவதாக இருந்த பதவி, அவள் பெயரில் போவதாக இருந்த காப்புரிமை, எல்லாம் மறுபடி கோப்புக்குள் போயின. ஒரு மாதத்தில் குழாய் பிரிந்தது. பிளான்ட்டில் தங்கம் ஒழுங்காக மேலே வர ஆரம்பித்தது. கேம்ப்பில் சோடாவை மறுபடி தாகத்துக்கு மட்டும் குடித்தார்கள். சோடா சாத்திரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் தங்கள் நகைதான் போலி என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். அதனாலோ என்னவோ, அடுத்தவர் கழுத்தை உற்றுப் பார்க்கிற பழக்கம் போய்விட்டது.

ஆடிக்குப் பிறந்த வீடு வந்திருந்த வெண்ணிலாவைப் பார்க்கக் காந்திமதி வந்தாள். தோட்டம் தெரிகிற ஜன்னலோரம் ஜெயக்கொடியை உட்காரவைத்து, கதவைச் சாத்தி, குரலைத் தாழ்த்தினாள்.

"சம்மந்தியம்மா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். இந்த கவரிங்கெல்லாம் கறுக்காம எப்படி வச்சுக்கறது? இத்தினி வருஷமா தங்கம்னு நெனச்சு நான் பாட்டுக்கு இருந்துட்டேன்."

அவள் மடியில் அந்த இரட்டைவடம். ஜெயக்கொடி அதைக் கையில் எடுத்தாள். இருபது வருஷம் தங்கத்தைத் தொட்ட கை. அதற்குச் சோடா தேவையில்லை. கனமே சொல்லிற்று. சுத்தத் தங்கம்.

"அத வெண்ணிலாவுக்கே குடுத்துடலாம்னு இருக்கேன்," என்றாள் காந்திமதி. "தெனம் பஸ்ல வேலைக்குப் போறா. போட்டுக்கிட்டுப் போகட்டும். தொலைஞ்சாலும் போனாப் போவுது."

ஜெயக்கொடியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "சம்மந்தியம்மா, இது தங்கம். அன்னிக்கு முழுகினது என்னாலதான். எங்க நகைதான் கவரிங். ஆராய்ச்சிக்காக எல்லாத்தையும் வித்துட்டேன்..." என்று தொடங்கி, குமிழி, மருந்து, கஞ்சி, தொட்டி என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். காகிதத்தில் படம்கூடப் போட்டுக் காட்டினாள்.

காந்திமதி முழுவதையும் கேட்டாள். கேட்கக் கேட்க அவள் கண் கலங்கியது. கடைசியில் ஜெயக்கொடியின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு வெக்கமா இருக்கக் கூடாதுன்னு உங்களுதைக் கவரிங்னு சொல்றீங்க பாருங்க," என்றாள். "இந்த மனசு யாருக்கு வரும்? கஞ்சியாம், குமிழியாம்... பாவம், எவ்ளோ யோசிச்சிருக்கீங்க!"

பிறகு கதவைத் திறந்து, "வெண்ணிலா, இங்க வாம்மா," என்று மருமகளைக் கூப்பிட்டு, பத்துப் பவுனைக் கழுத்தில் மாட்டிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அனுப்பிவைத்தாள்.